கழுத்தில் ஒரு செயற்கை டிஸ்க், கைகளுக்காக ஒரு ஜெபம்

ஆண்டவருக்குள் பிரியமானவர்களே, 'மன்னிப்பு' என்ற வார்த்தையை என் கை தவறாகச் சொன்ன ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இந்தச் சாட்சியைத் தொடங்குகிறேன்.

என் பெயர் கிரேஸ். கோவை கணபதியில் வீட்டின் முன்னறையில் மிஷின் போட்டு பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் தேவராஜ் பக்கத்துத் தெருவில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. என் தம்பியும் அப்படித்தான். தம்பியோடு வளர்ந்ததால் சைகை மொழி எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. தம்பியோடு ஒரே பள்ளியில் படித்தவர்தான் என் கணவர். எங்கள் வீட்டில் சண்டையும் சமாதானமும் எல்லாமே கையால்தான்.

எங்கள் சபைக்கு என் கணவரோடு காது கேளாத இன்னும் சிலரும் வருவார்கள். பம்ப் கம்பெனிகளிலும் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்கள். முன்வரிசையில் சேர்ந்து உட்காருவார்கள். போதகர் பிரசங்கம் செய்யும்போது நான் அவருக்குப் பக்கத்தில் நின்று அவர் பேசுவதைக் கைகளால் சொல்வேன். பல வருடங்களாக இதுதான் என் ஊழியம்.

அந்த ஞாயிறு போதகர் மன்னிப்பைப் பற்றிப் பேசினார். அந்தச் சைகைக்கு இரண்டு கைகளும் வேண்டும். என் வலது கை சரியாகச் செய்தது. இடது கை விரல்கள் விரியவே இல்லை. மறுபடி செய்தேன். மறுபடியும் வரவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் கணவர் மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே கழுத்துவலி இருந்தது. நாள் முழுக்கத் தலையைக் குனிந்து தைக்கிறவளுக்கு கழுத்து வலிக்காமல் இருக்குமா என்று விட்டுவிட்டேன். தைலம் தேய்த்தேன். கழுத்துக்குப் பட்டை போட்டேன். பிறகு வலி தோளில் இறங்கி, கரண்ட் அடித்த மாதிரி விரல் நுனி வரை ஓடியது. ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் போயிற்று. பிளவுஸ் கொக்கி பிடிக்க வரவில்லை. ஒருநாள் கடையிலிருந்து வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு காலில் செருப்பு இல்லை. அது வழியில் கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை.

அப்போதும் நான் டாக்டரிடம் போகவில்லை. பயம். என்ன சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

அந்தப் பயத்தை உடைத்தது சத்தி ரோட்டில் நடந்த ஒன்று. சென்ற ஆண்டு ஆடி மாதம். நானும் கணவரும் காய் வாங்கிக்கொண்டு ரோட்டைக் கடக்க நின்றோம். வலது பக்கம் வண்டி இல்லை என்று அவர் இறங்கிவிட்டார். இடது பக்கம் வளைவில் ஒரு பஸ் திரும்பி வந்தது. ஹாரன் அலறியது. அவருக்கு எப்படித் தெரியும்? என் வலது கையில் காய்ப்பை இருந்ததால் இடது கையால் அவர் சட்டையை எட்டிப் பிடித்தேன். பிடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். துணி என் விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போயிற்று.

டிரைவர் பிரேக் போட்டார். பஸ் என் கணவருடைய முழங்கைக்கு அருகில் வந்து நின்றது. கண்டக்டர் கோபமாக இறங்கி வந்தார்.

"ஏனுங்க, அத்தனை ஹாரன் அடிக்கறாங்க, காதுல உழுகலீங்களா?"

"அவருக்குக் கேக்காதுங்க," என்றேன். "நாந்தான் புடிச்சிருக்கோணும். என்ற கை வரலீங்க."

அவர் கீழே விழுந்திருந்த எங்கள் பையை எடுத்துக் கொடுத்து, மறுபக்கம் வரை கூடவே வந்து விட்டுவிட்டுப் போனார். நான் ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் பயப்படவில்லை. என் இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து விரல் விரலாக நீவிக்கொண்டே இருந்தார்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பு டாக்டர் அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார்.

"கழுத்துல அஞ்சாவது எலும்புக்கும் ஆறாவது எலும்புக்கும் நடுவுல இருக்கற டிஸ்க் காஞ்சு தேஞ்சு போயிருச்சுங்க. பின்னால பிதுங்கி தண்டுவடத்தை அமுக்குது. அதனாலதான் கை வரமாட்டேங்குது, காலும் தடுமாறுது. தள்ளிப்போட்டீங்கன்னா நடக்கறதே கஷ்டமாயிரும்."

ஒவ்வொரு வார்த்தையையும் நான் கணவருக்குச் சொல்லவேண்டும். என் வியாதியை என் வராத கையாலேயே அவருக்குச் சொன்னேன். அது எவ்வளவு கொடுமை என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் பொறுமையாக இரண்டு வழிகளை விளக்கினார். கெட்டுப்போன டிஸ்க்கை எடுத்துவிட்டு இரண்டு எலும்பையும் சேர்த்து ஒன்றாக்கிவிடுவது ஒரு வழி. அது காலகாலமாகச் செய்கிற நல்ல ஆப்பரேஷன், ஆனால் அந்த ஒரு இடம் அசையாது. இன்னொரு வழி, அந்த இடத்தில் செயற்கை டிஸ்க் வைப்பது. மேலும் கீழும் உலோகத் தகடு, நடுவில் நகர்ந்து கொடுக்கிற ஒரு பொருள். எலும்பு முன்போலவே அசையும்.

நான் அவரிடம் கேட்டேன். "சைகை மொழியில தலையும் பேசோணுங்க டாக்டர். ஒரே சைகைதான், தலைய ஆட்டுனா 'இல்லை'ன்னு ஆயிரும். கழுத்து அசையலீன்னா நான் பாதி ஊமைங்க."

அவர் ஸ்கேன் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒரு எடத்துல சேத்துனாலும் தலை ஆடுமுங்க, அதுக்குப் பயப்படாதீங்க. ஆனா அதுக்கு மேலயும் கீழயும் இருக்கற டிஸ்க் மேல பாரம் கூடும். நாள் பூரா கழுத்தைக் குனிஞ்சு நிமிந்து வேலை செய்யறீங்க. எலும்பும் நல்லா உறுதியா இருக்குது. செயற்கை டிஸ்க் எல்லாருக்கும் ஆகாது, உங்களுக்குப் பொருந்துமுன்னு நான் நெனைக்கறேன்."

ஆபத்துகளையும் அவர் மறைக்கவில்லை. தொண்டையின் முன்பக்கம் வழியாகத்தான் போகவேண்டும். குரலுக்குப் போகும் நரம்பு அங்கேதான் ஓடுகிறது. சிலருக்குக் குரல் அடைத்துப் பிறகு திரும்பிவிடும், அபூர்வமாகத் திரும்பாமலும் போகலாம். ரத்தம் கசிந்து கட்டிக்கொள்வதும் உண்டு.

என் கணவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கை திரும்புமா?

நான் அதைக் குரலில் சொன்னேன். டாக்டர் அவரைப் பார்த்தே பதில் சொன்னார். "அமுக்கறதை நான் எடுத்துப்போடுவேனுங்க. நரம்பு எவ்வளவு திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது."

பணத்தைப் பற்றி நான் இங்கே எழுதவில்லை. அது ஒருவாறு அமைந்தது. என்னைப் புரட்டிப்போட்டது வேறு. சபையில் நான் மதிக்கிற ஒரு அக்கா வீட்டுக்கு வந்து, "ஏங்கண்ணு, ஆண்டவர் தொட்டா போதாதா? கத்தி வெக்கப்போறீன்னா உனக்கு விசுவாசம் இல்லீன்னுதானே அர்த்தம்?" என்று கேட்டுவிட்டார். அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது. ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கியதே ஆண்டவரை நம்பாத காரியமோ என்று குழம்பினேன்.

போதகரிடம் போய் அழுதேன். அவர் உபதேசம் எதுவும் செய்யவில்லை. "போயிட்டு வாங்கம்மா. டாக்டர் கையும் ஆண்டவர் படைச்ச கைதானுங்களே. நாங்க இங்க முழங்கால்ல இருக்கறோம்," என்றார். அவ்வளவுதான்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. கணவர் பட்டறைக்கும், மகள் ரூத் கல்லூரிக்கும் போயிருந்தார்கள். நான் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். மிஷின் பலகையில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டுச் சொன்னேன். ஆண்டவரே, இதில் ஏதாவது ஒன்றை நான் இழந்துதான் ஆகவேண்டும் என்றால் குரலை எடுத்துக்கொள்ளும். கையை விட்டுவிடும். குரல் இல்லாமல் என் வீட்டில் நான் வாழமுடியும். கை இல்லாமல் என் கணவரிடம் ஒரு வார்த்தை பேசமுடியாது.

அழகான ஜெபம் அல்ல. பேரம் பேசியது போலத்தான் இருந்தது. ஆனால் பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் என் வாயிலிருந்து ஜெபம் வந்தது.

மறுநாள் காலை ஆப்பரேஷன் முடிந்தது. மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தபோது தொண்டை எரிந்தது. முதலில் இடது கையைத்தான் பார்த்தேன். கட்டைவிரலை மடக்கினேன். மடங்கியது. மற்ற விரல்களை விரித்தேன். மெதுவாக, நடுங்கிக்கொண்டு, ஆனால் விரிந்தன. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என் கணவர் நின்றிருந்தார். படுத்தபடியே கையைத் தூக்கி அவர் பெயரைச் சொன்னேன். எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த சைகை அது. அவர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

குரல் மட்டும் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் வந்து பார்த்து, வீக்கத்தினால் அப்படித்தான் இருக்கும், நாளாக நாளாகச் சரியாகும் என்றார். நான் கவலைப்படவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். சோதனை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். முடியவில்லை.

அடுத்த நாள் என்னைத் தனி அறைக்கு மாற்றினார்கள். வலது கையில் சலைன் ஏறிக்கொண்டிருந்ததால் கையைப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். காலை உணவு முடிந்து ரூத் மாத்திரை வாங்கக் கீழே போனாள். கணவர் ஜன்னல் ஓரம் நின்று, எனக்கு முதுகைக் காட்டியபடி, கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எச்சில் விழுங்க முடியவில்லை. பிறகு தொண்டையை உள்ளிருந்து யாரோ இறுக்குவது போல இருந்தது. மூச்சை இழுத்தேன். பாதிதான் வந்தது. அடுத்த மூச்சு அதைவிடக் குறைவாக வந்தது. நர்ஸைக் கூப்பிடும் பெல் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நழுவிக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வாயைத் திறந்து கத்தினேன். சத்தமே இல்லை. குரல் இருந்தாலும் அந்த அறையில் இருந்த ஒரே மனிதருக்கு அது கேட்டிருக்காது.

கட்டில் பக்கத்து மேஜையில் எவர்சில்வர் டம்ளர் இருந்தது. இடது கையை நீட்டினேன். மாதக்கணக்காக ஊசியைக்கூடப் பிடிக்காத கை. சட்டைத் துணியை நழுவவிட்ட அதே விரல்கள். ஆண்டவரே என்று மனதுக்குள் ஒரே வார்த்தைதான் சொன்னேன். விரல்கள் டம்ளரைச் சுற்றி மூடின. தூக்கி எறிந்தேன். அது அவர் முதுகில் போய்ப் பட்டது.

அவர் திரும்பினார். நான் ஒற்றைக் கையால் சொன்னேன். மூச்சு. இல்லை. தொண்டை. ஆள் கூப்பிடு.

தலையை லேசாக அசைத்தபோது கழுத்தின் முன்பக்கம் கல்போல இறுகியிருந்தது எனக்கே தெரிந்தது. அவர் ஒரு நொடிகூடக் கேள்வி கேட்கவில்லை. ஓடினார். வராந்தாவில் யாரையும் கூப்பிட அவருக்குக் குரல் கிடையாது. நர்ஸ் சுமதியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டார். அந்தப் பெண் பயந்துபோய், "விடுங்கண்ணா, என்னாச்சுங்கண்ணா? கொரல் வராதது சகஜந்தானுங்க, டாக்டரே சொன்னாரே," என்றபடி உள்ளே வந்தார்.

என் கணவர் அந்த நர்ஸின் கையை எடுத்து என் கழுத்தின் மேல் வைத்தார்.

சுமதியின் முகம் மாறியது. அடுத்த கணம் கட்டிலுக்குப் பின்னால் இருந்த சிவப்பு பட்டனை அழுத்தினார். "டாக்டரைக் கூப்புடுங்க, தையல் பிரிக்கோணும், சீக்கிரம்," என்று வெளியே பார்த்துச் சத்தம் போட்டார். ஆக்ஸிஜன் மாஸ்க்கை என் முகத்தில் வைத்தார். டூட்டி டாக்டர் ஓடிவந்தார். கட்டிலில் வைத்தே தையலைப் பிரித்தார். உள்ளே கட்டியிருந்த ரத்தம் வெளியே வந்தது. அறையின் சுவர்கள் எனக்குக் கறுத்துக்கொண்டு வந்தன. அதற்கு நடுவில், கட்டில் ஓரத்தில் நின்ற என் கணவரின் கைகள் மட்டும் தெரிந்தன. பார். என்னைப் பார். இங்கே பார்.

மூச்சு வந்தது. முழு மூச்சு.

அதற்குள் ஆப்பரேஷன் செய்த டாக்டரும் வந்துவிட்டார். அன்று காலை அவருக்கு வேறொரு ஆப்பரேஷன் இருந்ததாம். அந்த நோயாளிக்குக் காய்ச்சல் என்று தள்ளிவைத்ததால் அவர் ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கிறார். என்னை மறுபடி தியேட்டருக்குக் கொண்டுபோய், கசிந்த ரத்தக்குழாயைக் கட்டினார்கள். நான் கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "டிஸ்க் வெச்ச எடத்துலயே ஜம்முனு இருக்குதுங்க அம்மணி." பிறகு என் கணவரைக் காட்டிச் சொன்னார். "இவர் இன்னுங் கொஞ்சம் தாமதிச்சிருந்தாருன்னா, நாம இப்படிப் பேசிட்டு இருக்கமாட்டமுங்க."

இதை வெறும் தற்செயல் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். சுமதி தன் கடமையைச் செய்தார், டாக்டர்கள் தங்கள் வேலையைத் திறமையாகச் செய்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் என் நன்றி உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்ததை நான் சொல்லவேண்டும். நான் கை வேண்டும் என்று கேட்டது கணவரோடு பேசுவதற்கு. அந்தக் கை இரண்டு நாளுக்குள்ளேயே என் உயிரைக் காப்பாற்றத் தேவைப்படும் என்று எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

வீடு திரும்பிய பிறகும் குரல் வர மாதங்கள் பிடித்தன. கார்த்திகை வரை காற்றாகத்தான் பேசினேன். இப்போதும் கொஞ்சம் கரகரப்பு உண்டு, உயரமான பாட்டுகளை எட்டமுடியாது. கழுத்து அசைகிறது. இடமும் வலமும் திருப்புகிறேன், இல்லை என்கிறேன், ஆமாம் என்கிறேன். இடது சுண்டுவிரல் நுனியில் லேசான மரப்பு மட்டும் இருக்கிறது. தையலைக் குறைத்துக்கொண்டு, டாக்டர் சொன்னபடி நடுநடுவே எழுந்து நிற்கிறேன்.

நான் பேசமுடியாமல் இருந்த அந்த மாதங்களில் சபையில் ஒன்று நடந்தது. என்னைப் பார்க்க வருகிறவர்களுக்கு நான் கையால்தான் பதில் சொல்லவேண்டியிருந்தது. அவர்கள் ஒவ்வொரு சைகையாகக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்கள். என் விசுவாசத்தைக் கேள்வி கேட்ட அந்த அக்காதான் எல்லாரையும்விட அதிகம் வந்தார். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கப்படாது கண்ணு," என்றார். இப்போது சனிக்கிழமை மாலைகளில் சபையில் சைகை மொழி வகுப்பு நடக்கிறது. பிரசங்கத்தைக் கையால் சொல்ல இன்னும் இரண்டு பெண்கள் தயாராகிவிட்டார்கள். முன்பெல்லாம் ஆராதனை முடிந்ததும் முன்வரிசையில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது வாசலில் அவர்களைச் சுற்றி ஆட்கள் நிற்கிறார்கள். பேச்சு முடிவதில்லை.

கடைசியாக ஒன்று. இதைத்தான் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன்.

குரல் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிறு மாலை, என் கணவரிடம் கேட்டேன். இரண்டாவது முறை என்னைத் தியேட்டருக்குள் கொண்டுபோனபோது வெளியே நின்று என்ன ஜெபித்தீர்கள் என்று. அவர் எப்போதும் கையால்தான் ஜெபிப்பார். வீட்டில் இருட்டில்கூட அவர் கைகள் அசைவதை நான் பார்த்திருக்கிறேன். ஜெபிக்கவே இல்லை என்றார். ஏன் என்றேன்.

ரூத் பயந்துபோய் என் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், என்றார். கடைசி வரை விடவில்லை. கையை உருவினால் அவள் உடைந்துபோவாள். அதனால் கடவுளிடம் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. சும்மா நின்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி கைகளை உயர்த்தினார்.

நான் சொல்லவே இல்லை, அவர் கேட்டுக்கொண்டார், என்றார்.

பிரியமானவர்களே, இதைப் படிக்கிற உங்களில் யாராவது ஜெபிக்கவும் முடியாத நிலையில் இருக்கலாம். ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம். வார்த்தை வரவில்லையே என்று கலங்காதீர்கள். டாக்டரிடம் போங்கள், சொல்கிற சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்தில் அழுகிறவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். என் கணவரின் மௌனத்தைக் கேட்டவர் உங்களுடையதையும் கேட்பார். அவருக்கே ஸ்தோத்திரம்.